டுரியான் விழுந்த மாதம்

மே 5, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே முதுகு நனைந்துவிட்டது. நாளைக்கு எட்டாங்கட்டைத் தோட்டம். எடுத்து வைத்தவை: குளிர்ப்பெட்டி இரண்டு, ஐஸ் பேக், ஊசி, பஞ்சு, பதிவுப் பட்டியல், பழைய பாய் ஒன்று, மிட்டாய். மிட்டாயைக் கூட வரும் ஷாமினி கையில் கொடுக்கக் கூடாது. போன தடவை காடியில் போகும்போதே பாதி காலி.

இந்த மாதம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகத் தட்டம்மை ஊசி. இந்தோனேசியாவோ வங்காளதேசமோ மியன்மாரோ, யார் பிள்ளையாக இருந்தாலும் போடலாம். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்பது மாதம் நிறைந்திருந்தால் போதும்.

அந்த "போதும்" என்பதில்தான் தொல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்குத் தாள் ஏது? அதற்குத்தான் என் நோட்டின் கடைசிப் பக்கம். இருபத்தாறு வருட உழைப்பு. எந்த மாதம் வெள்ளம், எந்த மாதம் நோன்பு, எப்போது சீனப் பெருநாள் பட்டாசு, எப்போது ரம்புத்தான், எப்போது டுரியான். தாயிடம் "பிள்ளை பிறந்தபோது என்ன நடந்தது, எந்தப் பழம் விழுந்தது" என்று இரண்டு கேள்வி. மாதம் கையில். கிளினிக்கில் வேறு யாருக்கும் இது வராது. ஷாமினிக்கு வேலையில் சேர்ந்து மூன்று வருடம்தான், ஆனால் வாய் முப்பது வருட வாய்.

"அக்கா, உங்க மண்டையில இருக்கிறது கலண்டர் இல்ல. பாசார்."

சொல்லிவிட்டுப் போகட்டும். சந்தையோ பாசாரோ, அதுதான் இத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் கு. சீலிங் ஃபேனைக் கழற்றி வைத்திருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு வீட்டில் எதையாவது கழற்றாமல் இருக்க முடியாது. மாட்டுவது எப்போது என்று கேட்டால், "வாரேன், வாரேன்" என்கிறார். ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மே 6, செவ்வாய்

காலை வெயில், ஒரு மணிக்கு மழை. இருபத்தேழு பிள்ளைகள்! பதினைந்து வந்தால் பெரிது என்று நினைத்திருந்தேன். கால் வலி. ஆனால் நல்ல நாள்.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகையில்தான் மேசை போட்டோம். என் அப்பா இந்த மாதிரி ஒரு கொட்டகையில் நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர் வெட்டப் போனவர். இப்போது சுற்றிலும் செம்பனை, பேர் கொடுப்பது இந்தோனேசியாவின் லோம்போக்கும் வங்காளத்து டாக்காவும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மணியம் மட்டும் நம்ம ஆள். நேற்றே பெரட்டில் சொல்லி வைத்திருந்தார். இன்றைக்கும் ஒரு தடவை லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இது இமிகிரேசன் இல்லலா! ஊசி போடுற மிஸி! தமிழ் பொம்பளதான்! பயப்படாதீங்க!"

கத்தியதில் இரண்டு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

முதலில் வந்து நின்றது ஒரே ஒரு பெண். லோம்போக்காரி, பெயர் ரஹ்மா. சாரோங்கில் கட்டித் தோளில் தொங்கவிட்ட பெண் குழந்தை. முகம் துணிக்குள். புதுச் சட்டையின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது, மஞ்சள். நாங்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே வந்துவிட்டாள். மண்டோரிடமும் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்களிடமும் பொறுக்கிய தமிழும் மலாயும் கலந்து பேசுகிறாள். "மிஸி, பாப்பா ஊசி."

முதல் ஊசியைக் கைக்குழந்தைக்குப் போடக் கூடாது. தொழில் பாடம். அது வீறிட்டால் மிச்சப் பிள்ளைகள் செம்பனைக்குள் ஓடிவிடும். அழாத ஒரு தைரியசாலியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதனால் ரஹ்மாவை ஓரமாக உட்காரச் சொன்னேன். ஒரு வங்காளப் பையன், ஆறு வயது, கையை நீட்டிவிட்டு மாமன்காரன் மாதிரி நின்றான். அதைப் பார்த்துக் கதவுகள் திறந்தன. அப்புறம் நிற்க நேரமில்லை.

அவள் முறை வந்தபோது மணி ஒன்று. மழை பிடித்துக்கொண்டது, கொட்டகையின் ஒரு பக்கம் ஒழுகல். பிள்ளை துணிக்குள் நல்ல தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை. கேட்டேன், என்ன பழம் விழுந்தபோது பிறந்தது?

"டுரியான், மிஸி."

டுரியானில் பெரிய விழுகை ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, சின்ன விழுகை டிசம்பர். துணிக்குள் இருந்த உருவமோ ஒரு பிடி. டிசம்பர்தான். அப்படியானால் ஐந்து மாதம். போட முடியாது. நான்கு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

"பாப்பா ஊசி தாடா?" என்றாள். தாடா என்றால் இல்லை.

"இன்னிக்கு இல்லம்மா. செப்டம்பர்."

தலையாட்டினாள். மிட்டாய் கொடுத்தேன், வாங்கவில்லை. மழையிலேயே போய்விட்டாள். குழந்தை பெயர் நூரி. பட்டியலில் எழுதியாயிற்று: "நூரி, 5 மா., பிறகு."

திரும்பும் வழியில் பத்து காஜாவில் ஷாமினிக்கு மீ கோரெங், எனக்குப் பால் இல்லாத தே ஓ. கு. ஃபேனை மாட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டால் தலைகீழாகச் சுற்றுகிறது. காற்று மேலே போகிறது.

மே 7, புதன்

மேகமூட்டம். பதிவேட்டில் பெயர் ஏற்றும் வேலை. என் கையெழுத்து அழகு என்று சிஸ்டர் லிம் மூன்றாவது தடவையாகச் சொன்னார். எங்கள் கிளினிக்கின் பெரியவர் அவர், வாயிலிருந்து புகழ்ச்சி பிடுங்குவது கஷ்டம். நேற்றைய எண்ணிக்கையைக் கேட்டு, "பாகுஸ்" என்றார், அருமை என்று அர்த்தம். இந்த வருடத்துக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

- பாகற்காய்ச் செடிக்குக் கொடி கட்ட வேண்டும்
- மகள் கவிதாவுக்குப் போன் (பினாங்கில் மழையா?)
- சர்க்கரை மாத்திரை முடியப் போகிறது
- யூனிஃபார்ம் பொத்தான்

ஷாமினி கேட்டாள், "அந்த மஞ்சச் சட்ட பாப்பாவுக்கு ஏன்கா போடல?" ஐந்து மாதம், சின்ன விழுகையில் பிறந்தது என்றேன். "எப்படிக்கா அவ்வளவு உறுதியா?" பாசார் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சாயங்காலம் புந்தோங் கோயில் பக்கம் நடை. மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். அதில் இரண்டு பேருக்கு நான்தான் முதல் ஊசி போட்டிருப்பேன். ஒருத்தி இடுப்பில் இப்போது ஒரு மகன். சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமில்லை.

மே 8, வியாழன்

புழுக்கம். மத்தியானம் சிஸ்டர் எல்லாரையும் கூப்பிட்டார். எட்டாங்கட்டையின் பக்கத்து டிவிஷனில் நான்கு வயதுப் பையனுக்குத் தட்டம்மை. உறுதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, பிழைத்துக்கொள்வான். அந்த லயத்துக்கு நாங்கள் போக வேண்டியது அடுத்த வாரம்தான். ஒரு வாரம் பிந்திவிட்டோம்.

எட்டாங்கட்டைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழு பேருக்குப் போட்டாயிற்று. இரண்டு பேர் முன்பே போட்டவர்கள், அட்டை இருக்கிறது. மிச்சம் ஒரே ஒரு வரி: நூரி.

இப்படிப் பரவும்போது ஆறு மாதப் பிள்ளைக்கும் போட விதி உண்டு. ஐந்து மாதத்துக்கு இல்லை. பாவம், ஒரு மாதத்தில் தவறிப் போனது. தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜூனில் கூப்பிட்டுப் போட வேண்டும். குறித்து வைத்தாயிற்று.

இரவு ரசம், அப்பளம். கு. ஃபேனை மறுபடி கழற்றிவிட்டார்.

மே 9, வெள்ளி

எப்படி எழுதுவது.

சாயங்காலம் ஐந்தரை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கு. பாசாரிலிருந்து வந்தார், கையில் ஒன்றும் இல்லாமல், முகம் தொங்கிப்போய்.

"இன்னும் விழலியாம். ஜூன் ஆகும்கிறான். ஒன்பது மாசமா வாயில வைக்கல, மாலா. ஒன்பது மாசம்!"

எனக்கு அந்த வாடையே ஆகாது. சர்க்கரை வேறு. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம், அவர் வாசலில் உட்கார்ந்து தின்றுவிட்டு வாய் கொப்பளித்துத்தான் உள்ளே வருவார். அதனால் விளையாட்டாகத்தான் கேட்டேன், ஏன், டிசம்பர் சின்ன விழுகையில் தின்றது கணக்கில்லையா?

"டிசம்பர்ல எங்க டுரியான்? மழையில பூவெல்லாம் கொட்டிப் போச்சு. பேராக் பூரா ஒரு மரத்துல காய் இல்ல. நான் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேனே, உனக்கு ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இல்லை. வீட்டில் வாடை வராதது எனக்கு ஒரு செய்தியா?

கீரை கையிலேயே நின்றுவிட்டது. டிசம்பரில் டுரியான் விழவில்லை. அப்படியானால் நூரி பிறந்தது பெரிய விழுகையில். கடைசி மாதமான ஆகஸ்ட் என்று வைத்தாலும் ஒன்பது மாதம். ஜூலை என்றால் பத்து. அந்தப் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமையே போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும்.

உட்காருமா, பல் முளைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். துணியை விலக்கிக் காலைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். பயிற்சிக்கு வந்த முதல் மாதப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். நாலு மணி நேரம் காத்திருந்த பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? காக்க வைத்தது யார்?

மற்றவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தோம். தானாக வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

மண்டோருக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, கோயிலில் இருப்பார். கு. தான் கீரையைக் கடைந்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை.

மே 10, சனி

நல்ல வெயில். கு. காடியில் கொண்டுபோய் விட்டார். யூனிஃபார்ம் இல்லாமல் போனதால் லயத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெரட்டுக் கொட்டகையில் செவ்வாய்க்கிழமை நாங்கள் ஒட்டிய தாள் பாதி கிழிந்து தொங்குகிறது.

ரஹ்மா வீடு பூட்டு. கொடியில் ஒரு துணிகூட இல்லை. மணியம் அண்ணன் மோட்டாரில் வந்தார்.

"அவங்க வேற தோட்டத்துக்குப் பிண்டா ஆயிட்டாங்க மிஸி. நேத்து அஞ்சு மணிக்கு லோரி வந்துச்சு. கொந்திராக்டர் ஆளுங்கதானே, எங்க ஆள் பத்தலயோ அங்க ஏத்திட்டுப் போயிருவான். ஆயர் தாவார் பக்கம்."

நேற்று ஐந்து மணி. நான் கீரை ஆய உட்கார்ந்த நேரம்.

"எத்தனை குடும்பம்ணே?"

"இங்கேருந்து ரெண்டு. அந்த டிவிஷன்லருந்து ரெண்டு. ஒரே லோரி."

அந்த டிவிஷன். தட்டம்மை வந்த லயம். ஒரே லோரியில் ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் பக்கத்தில்.

ரஹ்மா கைப்பேசி எண் யாரிடமும் இல்லை. எந்தத் தோட்டம் என்று அண்ணனுக்கும் தெரியாது, லோரிக்காரனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கிளம்பும்போது அவரே சொன்னார், "அந்தப் பொண்ணு திங்கக்கிழமையே வந்து கேட்டுச்சு மிஸி, நாளைக்கு ஊசி நெசமா வருதான்னு. ரெண்டு தடவ."

காடியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அழுதேன். கு. காடியை மெதுவாக ஓட்டினார். பஸ் ஓட்டியவர், அழுகிறவர்களை ஏற்றிப் பழக்கம்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். கவிதா போன். பினாங்கில் மழை. "அம்மா, இன்னிக்கு சமைக்காதீங்க, அப்பாவ சமைக்கச் சொல்லுங்க." உப்பு விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டதில் பாதி பாரம் இறங்கியது.

நூரியைப் பற்றியும் சொன்னேன். "நீங்களாம்மா தப்பு பண்ணீங்க?" என்றாள். நான் தப்பே செய்ய மாட்டேன் என்று வளர்த்து வைத்திருக்கிறேன் பாருங்கள்.

நான்கு மணிக்கு மணியம் அண்ணன் செய்தி அனுப்பினார். தோட்டத்தின் பெயர், வழி, லோரிக்காரன் எண், எல்லாம். கடைசியில் கும்பிடும் கை நான்கு. நல்ல மனிதர்.

நாளைக்கு விசாக தினம், கிளினிக் லீவு. போகிறோம். ஊசியை நானாக எடுத்துக்கொண்டு போக முடியாது, அது வேறு மாவட்டம், அனுமதி வேண்டும். முதலில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் இருந்தால்? இதுவரை நினைக்காமல் தள்ளி வைத்த கேள்வி.

வெப்பமானி பையில் வைத்தாயிற்று. மிட்டாயும்.

மே 12, திங்கள்

விடியலில் தூறல், பிறகு தெளிந்தது. ஆறரைக்குக் கிளம்பினோம். வழியில் ரொட்டிச் சானாய். கு. மூன்று, நான் ஒன்றரை. மிச்ச அரையையும் அவரே.

ஆயர் தாவாரைத் தாண்டி உள்ளே செம்மண் பாதை, இரண்டு பக்கமும் செம்பனை, வானம் ஒரு கோடு. லயம் ஒரே வரிசை. எங்கள் காடியைப் பார்த்ததும் கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன. கு. வேட்டி கட்டி வந்திருந்தால் நன்றாயிருக்கும்; பேண்ட் சட்டையில் அவரைப் பார்த்தால் யாரும் ஆபீசர் என்றுதான் நினைப்பார்கள். நான் நடு வழியில் நின்றுகொண்டு மலாயில் சத்தமாகச் சொன்னேன்: நான் எட்டாங்கட்டைக்கு வந்த மிஸி, நூரியைப் பார்க்க வந்தேன், யாரையும் பிடிக்க வரவில்லை, இது என் வீட்டுக்காரர், இவருக்கு டுரியானைத் தவிர எதுவும் பிடிக்கத் தெரியாது.

ஒரு கதவுக்குள் சிரிப்புச் சத்தம். திறந்தது.

நடுவயதுப் பெண், லோம்போக்காரிதான். ரஹ்மாவும் புருஷனும் வேலைக்குப் போயிருக்கிறார்கள், உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்க. லீவாவது ஒன்றாவது. ரஹ்மா பிள்ளையை இவளிடம் விட்டுப் போகிறாள்.

பாயில் நூரி. உட்கார்ந்திருந்தாள். யாரும் பிடிக்காமல், தலையணை முட்டு இல்லாமல், நிமிர்ந்து. ஒரு சட்டி மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தபோது கீழ் ஈறில் இரண்டு பல்.

ஐந்து மாதமாம்!

சிறிய உடம்பு, உண்மை. ஆனால் கண்ணும் கையும் ஒன்பது மாதத்துக் கண்ணும் கையும். நெற்றியைத் தொட்டேன், வெப்பமானி வைத்தேன். காய்ச்சல் இல்லை. காதுக்குப் பின்னால், முதுகில், வயிற்றில் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் கடி வாங்கியதே இல்லை.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன்: புதன்கிழமை ஊசி வரும், ரஹ்மா வேலைக்குப் போகாமல் இருக்கட்டும், மிஸி கணக்கில் தப்புச் செய்துவிட்டாள், மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்துக்கு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

புதன்கிழமை எப்படி வரும்? யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தேன்? காடியில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மே 13, செவ்வாய்

வெயில். எட்டு மணிக்கு சிஸ்டர் அறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கவில்லை. டுரியான், டிசம்பர், மழை, கு., எல்லாம் சொன்னேன். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாலா, நீ நர்ஸா, பழ வியாபாரியா?"

பட்டியலில் நூரியின் வரியைக் காட்டினேன்.

"பழம் கேள், வேணாங்கல. பிள்ளையையும் பாருலா. துணிய விலக்கிப் பார்க்க எவ்வளவு நேரம்?"

திட்டு வாங்கியது நல்லதாகத்தான் இருந்தது. நாலு நாளாக நானே என்னைத் திட்டியதைவிட இது மேல்.

பிறகு அவரே போனை எடுத்தார். அந்தப் பக்கத்து கிளினிக் சிஸ்டர் இவருடன் பயிற்சி எடுத்தவராம். பத்து நிமிடம் பேரப் பிள்ளைகள், முட்டி வலி. ஒரு நிமிடம் விஷயம். அவர்களும் வியாழக்கிழமை அந்த வரிசைக்குப் போவதாகத்தான் இருந்ததாம், புதனாக்கிவிட்டார்கள். கைக்கு ஆள் குறைவு. "ஒரு ஆள் அனுப்புறேன், ஊசி நல்லா போடுவா, பிள்ளைங்க வயச மட்டும் அவகிட்ட கேக்காதே" என்றார் சிஸ்டர். என்னைப் பார்த்துக்கொண்டே.

ஷாமினி பஞ்சாமிர்தம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாக்கா." அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம்தான், மனசும்.

மே 14, புதன்

காலையில் மழை, பத்து மணிக்கு நின்றது. ஊர் நனைந்து பளிச்சென்று.

அங்கே கொட்டகை இல்லை. ஒரு பெரிய மரத்தடியில் மேசை. இரண்டு உள்ளூர் நர்ஸ்கள், நான், ஒரு டிரைவர். பதினோரு பிள்ளைகள் வரிசையில். பட்டியல் எழுதும் வேலை அவர்களுக்கு. நான் ஊசி மட்டும். வயதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ரஹ்மா வரிசையில் இல்லை.

மணி பதினொன்று. பன்னிரண்டு. நடுவயதுப் பெண்ணைக் கேட்டேன். ரஹ்மாவிடம் சொன்னேனே, என்றாள். காலையில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம், வேலைக்கு வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று கொந்திராக்டர் சொன்னானாம். நான் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டவள் எதற்காக இன்னொரு தடவை வர வேண்டும்? நானாக இருந்தால் வருவேனா? கோபக்காரி நான், வந்திருக்க மாட்டேன்.

பன்னிரண்டரை. உள்ளூர் நர்ஸ் பெட்டியை மூடப் போனாள். அரை மணி நேரம் பொறு என்று கெஞ்சினேன்.

செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு மஞ்சள். ரப்பர் பூட்ஸ், முட்டி வரை சேறு, முதுகில் காலிச் சாக்கு, நெஞ்சில் சாரோங். ஓட்டமும் நடையுமாக ரஹ்மா. சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்து வந்திருக்கிறாள்.

"மிஸி! பாப்பா ஊசி ஆடா?"

இருக்கிறது என்றேன். சத்தமாக. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தடவை துணியை நானே விலக்கினேன். நூரி விழித்திருந்தாள், மஞ்சள் சட்டைதான். காய்ச்சல் இல்லை. தொடையைப் பிடித்துப் போட்டேன். வீறிட்டாள், அரை மைல் கேட்டிருக்கும். ரஹ்மா அவளை ஆட்டிக்கொண்டே சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன், என் கணக்குத் தப்பு என்று. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"பெரிய பையன், லோம்போக்ல, அம்மாகிட்ட. மூணு வயசுல சம்பாக் வந்துச்சு மிஸி." அதுதான் அவர்கள் தட்டம்மைக்குச் சொல்லும் பெயர். தன் காதைத் தொட்டாள். "பையன் இப்ப பள்ளி போறான். நான் போன்ல கூப்பிடுறேன். அவனுக்குக் காது தாடா."

அவள் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அட்டை எழுத உள்ளூர் நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், மலாய்க்காரி, மூன்று வருட வேலைகூட இருக்காது. பேனாவைத் திறந்து ரஹ்மாவிடம் சாதாரணமாகக் கேட்டாள், பிறந்த தேதி?

ரஹ்மா கைப்பேசியை எடுத்தாள். கண்ணாடி விரிசல். ஒரு படம். எட்டாங்கட்டை லயத்து வீட்டுக்குள், பழைய துணியில் சுற்றிய சிவப்புச் சுருக்கம், நூரி. படத்தின் மூலையில் தேதியும் நேரமும். ஆகஸ்ட் 4, காலை 6.10.

"ஆகஸ்ட் நாலு" என்றாள் ரஹ்மா. "லோம்போக்ல நர்ஸ் சொன்னா, சம்பாக் ஊசி ஒன்பது மாசம். நான் எண்ணி வச்சிருந்தேன்."

மே 6 அன்று நூரிக்கு ஒன்பது மாதமும் இரண்டு நாளும்.

அன்றைக்கே ஏனம்மா சொல்லவில்லை என்றேன். அவள் முகத்தில் குற்றம் சொல்லும் பார்வை எதுவும் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை, இதில் என்ன கேள்வி என்று.

"மிஸி தேதி கேக்கல. பழம் மட்டும் கேட்டீங்க."

வீட்டுக்கு வர ஆறு மணி. கு. வாசலில் உட்கார்ந்திருந்தார், முன்னால் பிளந்த டுரியான் ஒன்று. எங்கோ ஒரு கம்போங்கில், மலாய்க் கிராமத்தில், முந்தி விழுந்ததாம். எல்லாம் சொன்னேன். ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே கேட்டார். பிறகு வாய் கொப்பளிக்காமல் உள்ளே வந்தார். நகர்ந்து வழி விட்டேன்.

அடுத்த ஊசி ஒரு வயதில். ஆகஸ்ட் 4, திங்கள். இப்போதே லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். கேக் நான் வாங்கிப் போகிறேன், புந்தோங்கிலேயே சொல்லலாம். டுரியான் கேக் மட்டும் வேண்டாம்.